கட்டாக் கருவாடும் காலைக் கள்ளும்

கொழும்பிலிருந்து வடக்கே புத்தளம் சாலையில் போனால், நீர்கொழும்பைத் தாண்டியதும் மா ஓயா வருகிறது. அந்த ஆற்றுக்கு அக்கரையில் புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. வாய்க்கால், வென்னப்புவ, நயினாமடம, மாரவில என்று ஊர்கள் இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து வருகின்றன. இடப்பக்கம் கடல். வலப்பக்கம் தென்னந்தோப்பு. வீடுகளைப் பார்த்ததும் கண் நின்றுவிடுகிறது. வளைவு வைத்த முகப்பு, சலவைக்கல் படி, மாடத்தில் சுருள் சுருளான இரும்புக் கம்பி. தென்னை மரங்களுக்கு நடுவே இவை எப்படி முளைத்தன என்று கேட்கத் தேவையில்லை. இத்தாலிய மொழி கற்றுத்தரும் வகுப்புகளின் பலகைகள் தெருவுக்குத் தெரு தொங்குகின்றன.

இந்தக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக இத்தாலிக்கு வேலைக்குப் போகின்றன. முதலில் போனவர்களில் பலருக்குப் பாதிரியார்களும் கன்னியர்களும் வழிகாட்டினார்கள். பிறகு போனவர்களில் சிலர் உயிரைப் பணயம் வைத்துப் படகேறினார்கள். மிலானிலும் ரோமிலும் நாப்போலியிலும் முதியவர்களைப் பார்த்துக்கொள்வது, வீட்டுவேலை, சமையல் என்று அவர்கள் உழைத்த பணம்தான் இங்கே வளைவுகளாகவும் தூண்களாகவும் நிற்கிறது. இன்று இத்தாலியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் இந்தக் கரையிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும் போனவர்கள். வென்னப்புவவுக்குச் சின்ன இத்தாலி என்றே பெயர் விழுந்துவிட்டது.

நான் புதுச்சேரிக்காரன். எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு ஒரு கால் பிரான்சில் இருக்கும். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து வரும் சித்தப்பா ஒருவர் தயவில், கிறிஸ்துமஸ் மேசையில் மன்ஸ்தேர் சீஸ் இருக்கும். ஆல்சாஸ் மலைப்பகுதியில் உப்புநீரால் கழுவிக் கழுவிப் பழுக்க வைக்கும் சீஸ் அது. அதன் வாடை அடுத்த தெருவரை போகும். கூடவே அதே ஆல்சாஸின் வெள்ளை வைனான கெவுர்ஸ்ட்ராமினர். லிச்சிப் பழமும் ரோஜாவும் கலந்த மணம், அடியில் ஒரு மெல்லிய இனிப்பு. இரண்டையும் சேர்த்து வாயில் வைத்தபோது, வாடை முழுவதும் மணமாக மாறியது. சிறுவயதில் தொடங்கிய அந்த வியப்பு இன்றுவரை என்னை விடவில்லை. வலுவான சீஸுக்கும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சிக்கும் சிவப்பு வைனைவிட வெள்ளை வைன்தான் பெரும்பாலும் நல்ல துணை என்பதைப் பிறகு படித்தும் சுவைத்தும் அறிந்தேன். அப்போது எழுந்த கேள்வி ஒன்று உண்டு. உப்பிட்டு உலர்த்துவதில் யாருக்கும் குறையாத நம் கரைகளில் இதற்கு இணையான சேர்க்கை எது? அதை நம்மவர்கள் எவ்வளவு நுட்பமாக அறிந்து வைத்திருக்கிறார்கள்? இரண்டு பக்கத்தையும் கையாண்ட மனிதர்கள் இருக்கும் ஊர் வென்னப்புவ. அதனால் அங்கே போனேன்.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிவப்பு வைன் திராட்சைத் தோலோடும் விதையோடும் ஊறுவதால் அதில் துவர்ப்பு அதிகம். அந்தத் துவர்ப்பு உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை உலர்த்திவிடும். நன்றாக முதிர்ந்த சீஸோ உலர்த்திய இறைச்சியோ எதிரே வந்தால் அது கசப்பாகத் திரும்பும். மீன் வந்தால் நிலைமை இன்னும் மோசம். வைனில் கரைந்திருக்கும் இரும்பு, மீனின் கொழுப்போடு சேர்ந்து பச்சை மீன்வாடையைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். இரும்பு கூடுதலாகக் கரைந்திருப்பது பெரும்பாலும் சிவப்பு வைன்களில்தான். வெள்ளை வைனில் துவர்ப்பு குறைவு, புளிப்பு அதிகம். புளிப்பு கொழுப்பை அறுத்து, உமிழ்நீரைச் சுரக்க வைத்து, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்குகிறது. கொஞ்சம் இனிப்பும் இருந்தால் இன்னும் சிறப்பு. உப்பு கசப்பை அமுக்கி இனிப்பைத் தூக்கிவிடும். ரோக்ஃபோர் என்ற நீலப் பூஞ்சைச் சீஸுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சோத்தெர்ன் என்ற தேன்போன்ற வெள்ளை வைனை ஊற்றுவது இதனால்தான். நுரைத்தெழும் வைனாக இருந்தால் அந்தக் குமிழிகளும் கொழுப்பைத் துடைக்கும்.

இனிப்பு, புளிப்பு, குமிழி. இந்த மூன்றும் சேர்ந்த வெள்ளைப் பானம் வென்னப்புவவின் ஒவ்வொரு தோப்பிலும் தென்னை மரத்தின் உச்சியில் ஊறிக்கொண்டிருக்கிறது.

என்னைத் தன் வீட்டில் உட்காரவைத்தவர் பார்மா நகருக்குப் பக்கத்தில் ஒரு முதிய தம்பதியைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். அவர்களுக்குச் சமைத்தவரும் அவர்தான். வயதாகி ஊர் திரும்பியிருக்கிறார். வீட்டில் பேசுவது சிங்களம். ஆனால் தமிழ் சரளமாக வருகிறது. "எங்கட பாட்டி தமிழ்லதான் செபம் சொல்லுவா. கோயில்லயும் அந்தக் காலம் தமிழ்தான்" என்றார். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை இந்தக் கரையின் பழைய தலைமுறையில் இப்படிப் பலர் இருக்கிறார்கள்.

மேசையில் முதலில் வந்தது இத்தாலி. முப்பது மாதம் முதிர்ந்த பார்மிஜானோ ரெஜ்ஜானோ துண்டுகளை அவர் கத்தியால் வெட்டவில்லை, குத்திப் பிளந்தார். ஒரு சக்கரம் செய்ய ஏறத்தாழ 550 லிட்டர் பால் வேண்டும். செய்தபின் இருபது நாள்போல அது உப்புநீரில் கிடக்கும். பிளந்த இடத்தில் மின்னிய வெண்மணிகளை உப்பென்று பலரும் நினைப்பார்கள். அவை புரதம் உடைந்து படிந்த டைரோசின் படிகங்கள். அடுத்து கொழும்பில் வாங்கிய புரொஷூட்டோ, கண்ணாடிபோல் மெல்லியதாக. பன்றித்தொடை, கடலுப்பு, காற்று, ஓராண்டுக்கு மேற்பட்ட காலம், இவற்றைத் தவிர பார்மா புரொஷூட்டோவில் வேறு எதுவும் இல்லை. ஊற்றியது மல்வாசியா, பார்மா மலைச்சரிவுகளின் வெள்ளை வைன், லேசாகக் குமிழியிடும். உப்பிட்ட தொடையும் குமிழியிடும் மல்வாசியாவும் அந்த ஊர்க்காரர்களின் பழைய சேர்க்கை. அந்த முதியவர் தமக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான் என்று அவர் சொன்னபோது குரல் இறங்கியது. அந்த முதியவர் இப்போது இல்லை.

பிறகு அவருடைய மனைவி தட்டுகளை மாற்றினார். கட்டா மீனின் கருவாட்டைச் சதுரமாக வெட்டி, கொஞ்சம் ஊறவைத்துப் பிழிந்து, தேங்காயெண்ணெயில் பொரித்து, பெரிய வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டுப் புரட்டியிருந்தார். இன்னொரு கிண்ணத்தில் ஜாடி. எண்ணெய்ப்பிடிப்புள்ள மீனைத் துண்டாக்கி, உப்பும் கொறுக்காய்ப்புளியும் அடுக்கடுக்காக வைத்து, மண்பாத்திரத்தில் மாதக்கணக்கில் மூடிவைக்கும் இலங்கைக் கைமுறை அது. தமிழ்நாட்டில் குடம்புளி என்பதற்கு நெருங்கிய உறவு கொறுக்காய். மீன் அழுகாமல், அதே நேரம் அசையாமல் கிடக்காமலும், மெல்ல மெல்ல உடைந்து கரும்பழுப்பாகி வெண்ணெய்போல் ஆகிறது. இலைமேல் வைத்து மிளகாயோடு வதக்கினால் எழும் மணத்தை மன்ஸ்தேர் சீஸின் பக்கத்தில் தயங்காமல் வைப்பேன்.

கள்ளு ஒரு மண்முட்டியில் வந்தது. காலையில் இறக்கியது. பால்வெள்ளை. மேலே நுரை.

கருவாட்டைக் கடித்தேன். உப்பு, பொரித்த எண்ணெய், வெயிலில் காய்ந்த மீனின் அடர்ந்த சாறு. அதன்மேல் ஒரு மடக்கு கள்ளு. முதலில் இனிப்பு தெரிந்தது. தனியாகக் குடித்தபோது இருந்ததைவிட இருமடங்கு. பிறகு குமிழிகள் எண்ணெயைத் தூக்கின. புளிப்பு பின்னால் வந்து வாயைக் கழுவிவிட்டது. கடைசியில் எஞ்சியது மீனின் இனிமை மட்டும். உப்பு எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. மல்வாசியாவும் புரொஷூட்டோவும் செய்த அதே வேலை, அதே வரிசையில். எதிரே இருந்தவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் அங்க அவங்களுக்கு இதத்தான் சொன்னன். எங்கட ஊர்லயும் இது இருக்கு எண்டு. அவங்க நம்பல்ல" என்றார்.

நான் நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மறுநாள் அவர் என்னைத் தம் உறவினர் தோப்புக்கு அனுப்பினார். லுணுவில பக்கம். தென்னை ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான், பண்டிரிப்புவ தோட்டத்தில் இருக்கிறது. 1929-இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சித் திட்டம் வளர்ந்து நிலையமானது. புத்தளம், குருநாகல், கம்பகா மூன்றும் சேர்ந்த இந்தப் பகுதி இலங்கையின் தென்னை முக்கோணம். இங்கே கள்ளு மறைத்துச் செய்யும் காரியமாக இல்லை. உரிமம் பெற்றுச் சீவுகிறார்கள், உரிமம் பெற்ற கள்ளுக்கடையான தவறணையில் விற்கிறார்கள். போத்தலில் அடைத்தும் விற்கிறார்கள். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள் இறக்கத் தடை. அரசுக் கடையில் சாராயவகைகள் ஆறாகப் பாயும் நிலத்தில், மரத்திலிருந்து இறங்கும் பானம் மட்டும் குற்றம். கடல் ஒன்றைத் தாண்டியதும் அதே தென்னை, அதே பாளை, வேறு சட்டம். இதை எண்ணி எனக்கு வருத்தம் உண்டு. ஒரு பானம் போகும்போது அதோடு சேர்த்துச் சாப்பிடும் முறையும், எந்த நேரத்துக் கள்ளு எதற்கு ஆகும் என்ற அறிவும் போய்விடுகிறது.

சீவுகிறவர் விடியுமுன்பே மரத்தில் இருந்தார். விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெதுவாகத் தட்டிப் பழக்கி, நுனியை மெல்லிய வட்டமாகச் சீவிவர வேண்டும். சில நாள் கழித்துத்தான் சாறு சொட்டத் தொடங்கும். பிறகு காலையும் மாலையும் சீவல் தவறக்கூடாது. ஒரு மரம் நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் தரும். சொட்டும் சாறு ஏறக்குறைய சர்க்கரைத் தண்ணீர்தான், நூற்றுக்குப் பதினைந்து பங்குவரை சர்க்கரை. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது அப்படியே இனிப்பாக நிற்கும். தடவாவிட்டால், முந்தைய நாள் முட்டியில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் காற்றில் வரும் ஈஸ்ட்டும் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். திராட்சைத் தோட்டக்காரர் அறுத்து, நசுக்கி, தொட்டியில் ஊற்றிக் காத்திருந்து பெறுவது, இங்கே நாற்பது ஐம்பது அடி உயரத்தில் இரவோடிரவாக நடக்கிறது.

அதிகாலைக் கள்ளு வாயில் தேனாக இருக்கிறது. வெயில் ஏறும்போது இனிப்பு குறைந்து நுரை பெருகுகிறது. நண்பகலில் இனிப்பும் புளிப்பும் சமநிலைக்கு வருகின்றன. மாலையில் புளிப்பு முன்னே நிற்கும், போதையும் ஐந்து ஆறு சதவீதத்தைத் தொடும். மறுநாள் அது வினாகிரி ஆகும் வழியில் இருக்கும். ஐரோப்பாவில் மஸ்கட் திராட்சையின் இனிப்பு வைனிலிருந்து துளி இனிப்பும் இல்லாத வைன்வரை எத்தனையோ நிலங்களும் திராட்சை வகைகளும் சேர்ந்து காட்டும் வரிசையை, ஒரே முட்டி ஒரே பகலில் நடந்து முடிக்கிறது. வைன் ஆண்டுகளில் முதிர்கிறது. கள்ளு மணிகளில்.

அதனால் இங்கே சேர்க்கையைத் தீர்மானிப்பது கடிகாரம். சீவுகிறவரின் வீட்டில் இதை வெகு இயல்பாகச் செய்கிறார்கள். காலையின் இனிப்புக் கள்ளுக்கு ஜாடி, அல்லது உப்பு தூக்கலான சுறாக் கருவாடு. கடுமையான உப்புக்கு இனிப்பு, ரோக்ஃபோரும் சோத்தெர்னும் சேரும் அதே நியாயம். பத்து பதினொரு மணிக்கு நுரை உச்சத்தில் இருக்கும்போது பொரித்த கட்டா, பொரித்த நெத்தலி. எண்ணெய்க்குக் குமிழி. மாலைக் கள்ளுக்குக் கருவாட்டைச் சுட்டு, தேசிக்காய் பிழியாமல், பச்சை வெங்காயத்தோடு மட்டும். புளிப்புக்கு மேல் புளிப்பு வேண்டாம் என்றார் அந்த வீட்டு அக்கா. வைன் ஊற்றிப் பரிமாறுவதையே தொழிலாகப் படித்தவர்கள் சொல்லும் விதியும் ஏறக்குறைய இதுவே. இந்த அக்காவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நாக்கு.

சிலாபத்தில் தெதுறு ஓயாவைக் கடந்து வடக்கே போகப் போகத் தென்னை குறைகிறது, மண் வெளுக்கிறது, காற்று உலர்கிறது. கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடையே உடப்பு. தமிழ் இந்துக் கடற்றொழிலாளர்களின் ஊர். மூதாதையர் இராமேசுவரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. திரௌபதி அம்மன் கோயிலின் ஆடித் தீமிதிக்கு நாடெங்கிலுமிருந்து கூட்டம் வரும். நான் போனது கரைவலை இழுக்கும் காலம். இரண்டு வரிசையாக ஆட்கள் கயிறு பிடித்து, அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டே வலையைக் கரைக்கு இழுக்கிறார்கள். பாட்டின் அழுத்தம் விழும் இடத்தில் குதிகால் மணலில் புதைகிறது. வலை வந்ததும் விற்பதுபோக மிஞ்சுவது பெண்கள் கைக்குப் போகிறது.

அவர்கள் வேலையை நீண்டநேரம் பார்த்தேன். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, பெரிய மீனானால் முதுகோடு பிளந்து விரித்து, தசையில் கத்தியால் கோடு போட்டு, அந்தக் கீறல்களுக்குள் விரலால் உப்பைத் திணிக்கிறார்கள். ஒரு இரவு தொட்டியில் அடுக்கிவைத்து, வெளியேறிய நீரை வடித்து, கழுவி, வெயிலுக்கு. மூன்று நாலு நாள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் புரட்டுவது முக்கியம் என்றார் ஒரு மூதாட்டி. "வெயில் மட்டும் போதாது தம்பி. காத்து வேணும். காத்தில்லாட்டி மேல காயும், உள்ள காயாது." பார்மாவுக்குத் தெற்கே மலையடிவாரத்துக் கூடங்களில் தொடைகள் தொங்கும் அறைகளின் சாளரங்களைக் காற்று பார்த்துத் திறந்து மூடுவார்கள். அங்கே சொல்லும் காரணமும் இதுதான். மேற்பரப்பு விரைந்து இறுகிவிட்டால் உள்ளே ஈரம் சிறைப்பட்டுக் கெட்டுவிடும். உப்பு நீரை இழுக்கிறது, காற்று அதை எடுத்துப் போகிறது, இரண்டுக்கும் நடுவில் மீனின் சொந்த நொதிகள் புரதத்தை உடைத்துச் சுவையாக்குகின்றன. முதிர்ந்த சீஸில் நடப்பதும் இதே உடைப்புத்தான். அந்த ஆழ்ந்த சாற்றுச்சுவை இரண்டிலும் குளுட்டமேட்டிலிருந்து வருகிறது.

உப்பு எங்கிருந்து என்று கேட்டேன். "பாலாவி" என்றார்கள், அதைக் கேட்பானேன் என்ற பாவனையில்.

புத்தளம் நகருக்குச் சற்றுத் தெற்கே பாலாவி. களப்பின் ஓரத்தில் உப்பளங்கள் வெள்ளைச் சதுரங்களாகக் கிடக்கின்றன. புத்தளம் களப்பில் கலா ஓயாவும் மீ ஓயாவும் கொண்டுவரும் நன்னீர் வறட்சி மாதங்களில் சுருங்கிவிடும். அப்போது களப்பு நீரே கடலைவிட உப்பாகிறது. பாத்தியிலிருந்து பாத்திக்கு நீரை நகர்த்தும்போது முதலில் ஜிப்சம் படிகிறது, பிறகு உப்பு. அள்ளிய உப்பைக் குவித்துச் சில மாதங்கள் விட்டுவைக்கிறார்கள். மக்னீசியம் சேர்ந்த கசப்பு நீர் அந்தக் காலத்தில் வடிந்துவிடும். கருவாட்டுக்காரர்கள் புது உப்பைத் தொடமாட்டார்கள். கசப்பான உப்பு கசப்பான கருவாடு. கருவாடு கசந்தால் எந்தக் கள்ளாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

இந்த உப்புக்காக அரசுகள் மோதியிருக்கின்றன. மலைநாட்டுக் கண்டியர் இறங்கிவந்து உப்பு அள்ளிய கரைகளில் புத்தளம் முதன்மையானது. 1766 உடன்படிக்கையில் டச்சுக் கம்பெனி தீவின் கரை முழுவதையும் தன்வசமாக்கியபோது கண்டி கடலில்லாத அரசாயிற்று. அதற்கும் வெகு முன்னால், 1344-இல், மாலைதீவில் நீதிபதியாக இருந்துவிட்டுப் பயணி இப்னு பதூதா வந்திறங்கியதும் இந்தக் கரையில்தான். யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். கரையில் குவிந்துகிடந்த கறுவாவைப் பற்றி எழுதினார். மாலைதீவில் அவர் பார்த்ததில் ஒன்று, மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் அனுப்பும் வணிகம். இன்று இலங்கைச் சம்பல்களின் உயிரான மாசி அதுதான்.

புத்தளம் நகரில் முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வீட்டில் பகலுணவு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இந்த மாவட்டத்தில்தான் வந்து தங்கினார்கள். இவர்களும் அப்படி வந்தவர்கள். இந்த வீட்டில் கள்ளுக்கு இடமில்லை. ஆனால் திருக்கைக் கருவாட்டுக் குழம்போடு வைத்தது முந்தின இரவின் பழஞ்சோறு. அதில் புளித்த தண்ணீர், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு துண்டுத் தேசிக்காய். வெள்ளையாய், லேசான புளிப்பாய், இரவு முழுக்க நொதித்த அந்த நீராகாரம் கருவாட்டின் உப்பை எதிர்கொண்ட விதத்தில் மதுவின் தேவையே எழவில்லை. நொதிப்பும் புளிப்பும்தான் சேர்க்கையின் உயிர். போதை அதில் ஒரு பகுதிகூட இல்லை என்பதை அந்தச் சட்டியடியில் கண்டேன்.

நுரைச்சோலையின் அனல்மின் நிலையத்தையும் காற்றாலைகளையும் தாண்டினால் கற்பிட்டித் தீபகற்பத்தின் வடபகுதி. தலவிலவில் புனித அன்னம்மாள் திருத்தலம், மார்ச்சிலும் ஆகஸ்டிலும் பெருவிழா. அந்த நாட்களில் கடற்கரைக் கூடாரங்களில் கருவாடு பொரியும் வாசனையே ஊருக்கு வழிகாட்டும் என்றார்கள். முனையில் டச்சுக்காரர்கள் 1667-லிருந்து 1676-க்குள் கட்டிய கோட்டை. டச்சுக் கம்பெனியின் கப்பல்கள்தான் சீஸையும் உப்பிறைச்சியையும் வைனையும் மாலுமிகளின் உணவாக இந்தப் பக்கம் கொண்டுவந்தன. வழியில் நிற்கும் நன்னம்பிக்கை முனையில் அவர்களே திராட்சை பயிரிட்டு 1659 பிப்ரவரி 2 அன்று முதல் வைனைப் பிழிந்தார்கள். அந்த வரவின் மிச்சம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் காலையில் புரூடர் என்ற ஈஸ்ட் கேக்கோடு, சிவப்பு மெழுகு பூசிய ஈடம் சீஸ் உருண்டை.

கற்பிட்டியில் களப்போரம் ஒரு மீனவர் வாடியில் மடவை மீனின் சினையைப் பார்த்தேன். உப்பிட்டு, பலகையில் பரப்பி, வெயிலில் பொன்னிறமாகக் காயவைத்திருந்தார்கள். விற்பனைக்கு அதிகம் போவதில்லை, வீட்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு மூச்சு நின்றதுபோல் இருந்தது. சார்டீனியாத் தீவின் மேற்குக் கரையில் கப்ராஸ் என்று ஒரு களப்பு உண்டு. அங்கேயும் மடவை. அதன் சினையை உப்பிட்டு உலர்த்தினால் போத்தார்கா, உலகின் விலையுயர்ந்த உணவுகளில் ஒன்று. அதோடு குடிப்பது பக்கத்து ஓரிஸ்தானோவின் வெர்னாச்சா என்ற வெள்ளை வைன். பீப்பாயை நிரப்பாமல் விட்டு, மேலே ஈஸ்ட் ஆடையாகப் படர, வாதுமை மணத்தோடு முதிரும். 1971-இல் சார்டீனியாவிலேயே முதன்முதலாக இத்தாலிய அரசின் தோற்றிடச் சான்று பெற்றது அது. களப்பு, மடவை, உப்பு, காற்று, பக்கத்திலேயே நொதிக்கும் ஒரு வெள்ளைப் பானம். பூமியின் இரண்டு மூலைகளில் ஒரே சமையல்.

வாடிக்காரர் சினையை அடுப்புக்கனலில் காட்டி, மெல்லிய சீவலாக்கித் தந்தார். "சும்மா தின்னுங்க, பிறகு குடிங்க" என்றார். மாலைக் கள்ளு, நன்றாகப் புளித்தது. சினை முதலில் பல்லில் மெழுகாக ஒட்டி, பிறகு கரைந்து, கடலையும் முந்திரியையும் நினைவூட்டும் ஒரு கொழுமையாக நாக்கில் பரவியது. கள்ளின் புளிப்பு அதைத் துளைத்துக்கொண்டு போனது. ஒன்றை மறைத்து ஒன்று எழவில்லை. இரண்டும் நீண்டன. இந்தப் பயணத்தில் நான் சுவைத்தவற்றில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அதே கடற்கரையில், காற்றுக்காலத்தில் பட்டம் பிடித்து அலையில் சறுக்க வரும் ஐரோப்பியர்களுக்கான விடுதிகள் நிறைய. ஒன்றில் இரவுணவுப் பட்டியலைப் பார்த்தேன். இறக்குமதிச் சீஸ், இறக்குமதி இறைச்சி, ஆஸ்திரேலிய வெள்ளை வைன். வந்தவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார் மேலாளர், மரியாதையான இளைஞர். கேட்கத் தெரியாததை எப்படிக் கேட்பார்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் யோசித்தார். மரம் ஏறும் பிள்ளைகள் குறைந்துவருகிறார்கள், கட்டாயம் எடுப்பேன் என்று சொல்லும் வாடிக்கையாளர் இருந்தால் ஏறுவார்கள் என்று லுணுவிலவில் சீவுகிறவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். பிறகு, அவர் தந்த ஒரு தாளில் நேர வரிசைப்படி எழுதிக்கொடுத்தேன். காலை ஏழு மணி: இனிப்புக் கள்ளு, ஜாடி, சுட்ட மரவள்ளிக்கிழங்கு. பதினொரு மணி: நுரைக்கள்ளு, வெங்காயத்தோடு பொரித்த கட்டா, நெத்தலி. மாலை ஐந்து: புளித்த கள்ளு, கனலில் காட்டிய மடவைச் சினை, வேறொன்றும் வேண்டாம். மது அருந்தாதவர்களுக்கு எந்த நேரமும் பழஞ்சோற்று நீராகாரமும் திருக்கைக் கருவாடும். கள்ளைக் குளிர்பெட்டியில் உறைய வைக்கக்கூடாது, மண்முட்டியின் குளிர்ச்சி போதும் என்பதை அடியில் கோடிட்டேன். கள்ளு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். மாதம்பைக்குத் தெற்கே எந்தத் தவறணையிலும் என்றேன், ஆனால் அன்றைக்கு இறக்கியதா என்று கேட்டு வாங்குங்கள்.